கத்தியின் நிழலில் ஓர் இன்பத் துயில்

ஆபரேஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். தென்காசியில் பார்க்கும் டாக்டர், "பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் காட்டுங்கள்" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பாட்டி வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்வார். ஆறுதல் சொல்ல வந்த அத்தை, "கத்தி வைக்கிறதக்கூடத் தாங்கிக்கிடலாம், அந்த மயக்க மருந்துதான் பயமா இருக்கு. முழிக்காமலே போயிட்டா?" என்று கேட்டு, இருக்கிற கொஞ்சம் தைரியத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். உண்மையில் நம்மவர்கள் கத்தியைவிட மயக்கத்திற்கே அதிகம் அஞ்சுகிறார்கள்.

ஆனால் ஆபரேஷன் முடிந்து திரும்பியவர்களைக் கேட்டால் கதை வேறாக இருக்கிறது. குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்டு பள்ளிக்குத் திரும்பிய எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியை நாங்கள் சூழ்ந்துகொண்டு, "ரொம்ப வலிச்சிச்சா?" என்று இரக்கத்தோடு கேட்டோம். அவளோ சிரித்தாள். "கையில ஊசி சுருக்குன்னு ஏறிச்சு. டாக்டரம்மா என் பேரைக் கேட்டாங்க. சொல்லி முடிக்கல, அதுக்குள்ள முழிச்சிட்டேன். எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. நடுவுல என்னமோ நல்ல கனவு. நெசமாவே நல்லா இருந்துச்சுட்டி!" என்றாள். அதன் பிறகு எங்கள் வீடுகளிலும் தெருக்களிலும் விசாரித்தோம். "நல்ல தூக்கம்", "மேகத்தில் மிதந்த மாதிரி", "இவ்வளவுதானா என்று இருந்தது" என்று பலரும் சொன்னார்கள்.

வயிற்றைக் கிழிக்கும் நேரத்தில் இன்பமா? இது எப்படிச் சாத்தியம்? அந்த இன்பம் எங்கிருந்து வருகிறது? அதை நம்பலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் நாங்கள் தேடிக் கண்ட விடைகளையே இக்கட்டுரையில் தருகிறோம்.

மயக்க மருந்து இல்லாத காலத்தை முதலில் பார்ப்போம். பழங்காலத்தில் நம் நாட்டுச் சுசுருதர், அறுவைக்கு முன் நோயாளிக்கு மது கொடுக்கும்படி தம் நூலில் சொல்லியிருக்கிறார். போஜ மன்னனுக்குச் 'சம்மோகினி' என்னும் மருந்தால் மயக்கமூட்டித் தலையில் அறுவை செய்தார்கள் என்று போஜ பிரபந்தம் என்னும் வடமொழி நூல் ஒரு கதை கூறுகிறது. ஆனால் உலகின் பெரும்பாலான மக்களுக்கு வாய்த்தவை மது, அபின், கட்டிப்போடும் கயிறு, அமுக்கிப் பிடிக்கும் நான்கு ஆட்கள் ஆகியவையே.

ஆங்கில எழுத்தாளர் பேனி பர்னி அம்மையாருக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸ் நகரில் மார்பகத்தை அகற்றும் அறுவை நடந்தது. அவருக்குக் கிடைத்தது சிறிது மது கலந்த பானம் மட்டுமே. கத்தி பட்டது முதல் அறுத்து முடியும் வரை தாம் அலறியதைப் பிறகு தம் சகோதரிக்கு அவர் கடிதமாக எழுதினார். எழுதி முடிக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று; நினைத்தாலே தலை வலித்தது என்கிறார். எனினும் அந்த அறுவைக்குப் பின் அவர் 1840 வரை, அதாவது மேலும் 28 ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார். அறுவை நன்மையே செய்தது. அதை அடையும் வழிதான் நரகமாக இருந்தது. அக்காலத்தில் நல்ல மருத்துவர் என்றால் விரைவாக வெட்டுபவர் என்று பொருள். நோயாளி துடிக்கும்போது நிதானமாக வேலை செய்வது எப்படி? வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கைவைக்கப் பெரும்பாலும் யாரும் துணியவில்லை.

இனி வருவதுதான் வியப்பு. மயக்க மருந்தின் கதை வலியிலிருந்து தொடங்கவில்லை, சிரிப்பிலிருந்து தொடங்கியது!

ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் 1772-இல் நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வாயுவைக் கண்டுபிடித்தார். 1799-இல் பிரிஸ்டல் நகரில் ஹம்ப்ரி டேவி என்ற இளைஞர் அதைத் தாமே முகர்ந்து பார்த்தார். உடல் லேசாயிற்று, மனம் துள்ளியது, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. நண்பர்களுக்கும் கொடுத்தார். கவிஞர்கள் சதேயும் கோல்ரிட்ஜும் அந்த நண்பர் கூட்டத்தில் இருந்தவர்கள். 'சிரிப்பூட்டும் வாயு' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. தம் பல் ஈறு வலி அந்த வாயுவால் தணிந்ததையும் டேவி கவனித்தார். இரத்தம் அதிகம் வெளியேறாத அறுவைகளில் இது பயன்படலாம் என்று 1800-இல் வெளியான தம் புத்தகத்தில் ஒரு வரி எழுதியும் வைத்தார். ஆனால் மருத்துவர்கள் அந்த வரியைப் பொருட்படுத்தவில்லை. வாயு வேடிக்கைக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் மேடையில் ஏறி முகர்ந்து, ஆடிப்பாடிச் சிரிக்க, மற்றவர்கள் கைதட்டினார்கள். திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதுபோல அது ஒரு பொழுதுபோக்கு ஆயிற்று.

அப்படிப்பட்ட ஒரு வேடிக்கை 1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரில் நடந்தது. வாயுவை முகர்ந்து துள்ளிக் குதித்த ஒருவர் பெஞ்சில் மோதிக் காலைக் காயப்படுத்திக்கொண்டார். இரத்தம் வழிந்தது, அவருக்கோ வலியே தெரியவில்லை. நூறு பேர் பார்த்துச் சிரித்த அந்தக் காட்சியில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் மட்டும் சிந்தித்தார். மறுநாளே அந்த வாயுவை முகர்ந்துவிட்டுத் தம் கடைவாய்ப் பல் ஒன்றை நண்பரைக்கொண்டு பிடுங்கச் செய்தார். வலி இல்லை! ஆனால் 1845 சனவரியில் பாஸ்டன் நகரில் அவர் பலர் முன்னிலையில் அதைச் செய்து காட்டியபோது வாயு போதாமல் நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் ஏளனம் செய்தார்கள்.

வெல்சுடன் முன்பு தொழில் செய்த வில்லியம் மார்ட்டன் மனம் தளரவில்லை. அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஈதர். அதையும் அமெரிக்க இளைஞர்கள் கேளிக்கைக்காகவே முகர்ந்துகொண்டிருந்தனர். அக்கேளிக்கைகளைக் கவனித்த கிராபோர்டு லாங் என்ற கிராமத்து மருத்துவர் 1842-லேயே ஈதரைக் கொடுத்து ஒருவர் கழுத்துக் கட்டியை அகற்றியிருந்தார். ஆனால் உடனே வெளியிடவில்லை. மார்ட்டனோ 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஊரறியச் செய்து காட்டினார். கழுத்தில் கட்டி இருந்த ஓர் இளைஞர் ஈதரை முகர்ந்து உறங்க, முதிய மருத்துவர் ஜான் வாரன் கட்டியை அகற்றினார். அலறல் இல்லை. அந்த அமைதிதான் மருத்துவ உலகில் அன்று கேட்ட பெரிய ஓசை.

செய்தி கப்பலில் பரவியது. 1847 மார்ச் 22 அன்று கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நம் நாட்டின் முதல் ஈதர் அறுவை நடந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை! அதே 1847-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், பிற்காலத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுவைச் சிகிச்சை நூலொன்றை 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867-இல் தமிழாக்கி வெளியிட்டார். இப்புதிய கல்வி நம் மொழிக்கு வந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பது நமக்குப் பெருமை அல்லவா?

1847 நவம்பர் 4 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற மகப்பேறு மருத்துவர் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நண்பர்களுடன் அமர்ந்து குளோரோபார்ம் என்ற திரவத்தை முகர்ந்து பார்த்தார். எல்லாரும் உற்சாகமாகப் பேசினார்கள், சிரித்தார்கள். சிறிது நேரத்தில் மேசைக்கு அடியில் கிடந்தார்கள்! விழித்ததும் சிம்ப்சன், இது ஈதரினும் வலியது என்று கண்டுகொண்டார். பேறுகால வலிக்கு அதைக் கொடுக்கத் தொடங்கினார்.

அப்போது எழுந்த ஒரு கேள்வி கிறிஸ்தவ மாணவியராகிய எங்களுக்கும் முக்கியமானது. வேதனையோடு பிள்ளை பெறுவாய் என்று ஏவாளிடம் கடவுள் சொன்னதாகத் தொடக்கநூலில் இருக்கிறதே, அந்த வலியைப் போக்குவது பாவமல்லவா என்று சிலர் கேட்டார்கள். சிம்ப்சன் அதே நூலிலிருந்து விடை எடுத்தார். ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுள் அவனுக்கு ஆழ்ந்த உறக்கத்தை வரச் செய்தார் அல்லவா? முதல் அறுவையே உறக்கத்தில்தானே நடந்தது என்றார். 1853 ஏப்ரல் 7 அன்று விக்டோரியா மகாராணி தம் எட்டாவது குழந்தையைப் பெற்றபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அளந்து அளந்து குளோரோபார்ம் கொடுத்தார். அது மனத்தை அமைதிப்படுத்தி, அளவிட முடியாத இன்பம் தந்தது என்று மகாராணி தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். எங்கள் தோழி சொன்னதை ஒரு நாட்டின் அரசியே அன்று சொல்லியிருக்கிறார்!

நம் திருச்சபையின் நிலை என்ன? இத்தாலிய மயக்க மருந்து மருத்துவர்கள் இதுபற்றிக் கேட்ட கேள்விகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 பிப்ரவரி 24 அன்று விடை அளித்தார். விரும்பி ஏற்கும் துன்பத்திற்கு மதிப்பு உண்டு. ஆனால் வலியைத் தாங்கியே தீரவேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. மருத்துவத்தின் துணையால் அதைத் தணித்துக்கொள்வது தவறன்று என்பது அவர் விடையின் சாரம். ஆகவே ஆபரேஷன் மேசையில் சுகமாக உறங்கி எழுந்ததற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சரி, அந்த இன்பம் எப்படி உண்டாகிறது?

இன்று பெரும்பாலான ஆபரேஷன்களில் முதலில் கைநரம்பில் ஏற்றப்படும் மருந்து புரோபோபால். சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் கொழுப்புப் பொருளும் கலந்திருப்பதால் அது பார்ப்பதற்குப் பால்போல வெண்மையாக இருக்கும். ஜான் கிளென் என்ற கால்நடை மருத்துவரின் ஆராய்ச்சியால் உருவான அம்மருந்து 1986-இல் மருத்துவமனைகளுக்கு வந்தது. அவருக்கு 2018-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. நம் மூளையின் நரம்பணுக்கள் எப்போதும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. "போதும், அடங்கு" என்று சொல்லும் செய்தியும் அவற்றுக்கிடையே உண்டு. அதைச் சுமந்து செல்லும் பொருளுக்குக் காபா என்று பெயர். புரோபோபால் அந்தக் காபாவின் குரலை வலுப்படுத்துகிறது. ஆசிரியை உள்ளே நுழைந்ததும் வகுப்பறை அடங்குவதுபோல மூளை அடங்குகிறது. அப்படி அடங்கும்போது முதலில் ஓடிப்போவது அச்சம். பல நாட்களாக நெஞ்சில் சுமந்த பாரம் நொடியில் இறங்கினால் சுகமாக இராதா? அதோடு, மூளையில் மகிழ்ச்சியைத் தூண்டும் டோபமின் என்ற பொருளையும் இம்மருந்து கூட்டுவதாக விலங்குகளில் செய்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

இன்னொரு காரணம் காலம். இரவில் தூங்கி எழும்போது நேரம் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். மயக்கத்தில் அந்த உணர்வே இல்லை. பெயரைச் சொல்லத் தொடங்கியது ஒரு நொடி. விழித்தது அடுத்த நொடி. நடுவில் இருந்த இரண்டு மணி நேரம் நம் கணக்கிலேயே வருவதில்லை. பயந்து பயந்து காத்திருந்த ஒன்று, நடக்காமலே நடந்து முடிந்துவிட்டதைப் போன்ற உணர்வு! தேர்வுத் தாளைப் பிரிக்குமுன்பே தேர்வு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

மூன்றாவது காரணம் கனவு. 2007-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஆபரேஷன் முடிந்து விழித்த 300 பேரைக் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நூற்றுக்கு 22 பேர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். இளையவர்களே அதில் அதிகம். ஆழ்ந்த மயக்கத்தில் வருவதைவிட, மருந்து குறைந்து விழிப்பு நெருங்கும் நேரத்தில்தான் அக்கனவுகள் வருகின்றன என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அம்மா எழுப்புவதற்குச் சற்று முன்னே வரும் விடியற்காலைக் கனவுபோல!

எல்லாருக்கும் இப்படி இனிக்கும் என்று சொல்லிவிட முடியாது. விழித்ததும் சிலருக்குக் குமட்டும். சிலருக்கு உடல் நடுங்கும். குழாய் வைத்ததால் தொண்டை கரகரக்கும். கெட்டமின் என்னும் மருந்து சிலருக்கு விசித்திரமான, அச்சமூட்டும் காட்சிகளைக் காட்டும். நடுவில் விழித்துக்கொள்வோமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014-இல் வெளியான பெரிய ஆய்வின்படி, அப்படி நேர்ந்ததாகச் சொன்னவர் சுமார் 19,000 பேரில் ஒருவரே.

இனி மூன்றாவது கேள்வி: இந்த இன்பத்தை நம்பலாமா? இதற்கு விடை சொல்லக் குற்றாலத்தைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

சாரல் காலத்தில் பேரருவியின் அடியில் நின்றவர்களுக்கு அந்த அனுபவம் தெரியும். தண்ணீர் தலையில் மடமடவென்று விழும்போது காது அடைத்துப்போகிறது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்பதில்லை. வீட்டுக் கவலை, பாடக் கவலை எதுவும் நினைவில் இருப்பதில்லை. தன்னை மறந்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். ஆனால் மலையுச்சியிலிருந்து பாயும் நீர் நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பிறகே நம்மிடம் வருகிறது. அப்படி வந்தும், மலையில் மழை வலுத்து நீர் பெருகிவிட்டால் குளிக்கத் தடை போடுகிறார்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டு அருவியில் நிற்கும்போது, கரையில் நனையாமல் ஒரு காவலர் நின்று நீரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவர் விசில் அடித்தால் வெளியே வந்துவிட வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிவந்த வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைக் கொண்டுபோனதை நம் ஊர் மறக்கவில்லை. அளவோடு விழுந்தால் அருவி. அளவு மீறினால் அதே நீர் எமன்.

மயக்க மருந்தும் அப்படியே. அதன் இன்பத்தை மருத்துவமாக்க முயன்ற வெல்ஸ், பிறகு குளோரோபார்மைத் தாமே முகர்ந்து முகர்ந்து அதற்கு அடிமையானார். புத்தி பேதலித்து, 1848 சனவரி 24 அன்று நியூயார்க் சிறையில் பரிதாபமாக மாண்டார். அதற்கு நான்கு நாள் கழித்து, சனவரி 28 அன்று, இங்கிலாந்தில் நியூகாசில் நகரின் அருகே ஹன்னா கிரீனர் என்ற சிறுமிக்குக் கால் விரல் நகத்தை அகற்றக் குளோரோபார்ம் கொடுத்தார்கள். சதைக்குள் வளர்ந்த நகம்; சின்னஞ்சிறு அறுவை. சில நிமிடங்களில் அவள் உயிர் பிரிந்தது. குளோரோபார்மால் இறந்ததாக உலகம் அறிந்த முதல் நோயாளி அவள்தான். அவளுக்கு வயது 15. எங்கள் வயது! இதைப் படித்தபோது எங்களில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. நம் காலத்திலும் 2009-இல் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சன், தூக்கத்திற்காக வீட்டிலேயே புரோபோபால் ஏற்றிக்கொண்டு இறந்துபோனார். மருந்து பொல்லாததன்று. கரையில் நின்று கண்காணிக்க வேண்டிய முறையான ஏற்பாடு அங்கே இல்லை.

ஹன்னாவின் சாவு வீண்போகவில்லை. எவ்வளவு மருந்து, எவ்வளவு காற்றோடு கலந்து கொடுக்கவேண்டும் என்று ஜான் ஸ்னோ கணக்கிட்டு, அளந்து கொடுக்கும் கருவி செய்தார். பொங்குமாங்கடல் செய்யும் வேலையை அக்கருவி செய்தது. நம் நாட்டில் ஐதராபாத்தில் எட்வர்டு லாரி என்ற மருத்துவர், நிஜாமின் பொருளுதவியால் 1888-லும் 1889-லும் இரண்டு குளோரோபார்ம் ஆய்வுக் குழுக்களை நடத்தினார். நோயாளியின் மூச்சையே கண்கொட்டாமல் கவனிக்கவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். இதயமும் திடீரென்று தவறக்கூடும் என்பதை 1911-இல் கூட்மன் லெவி என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். ஆகவே மூச்சு, இதயம் இரண்டையும் காவல் காக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று.

இந்த ஐதராபாத் வரலாற்றில் எங்களை மிகவும் கவர்ந்தவர் ரூபாபாய் பர்துன்ஜி என்ற பெண்மணி. லாரியிடம் மருத்துவம் பயின்ற அவர், பெண்கள் படிக்க வெளியே வருவதே அரிதாக இருந்த அக்காலத்தில் குளோரோபார்ம் கொடுப்பதில் தேர்ந்து விளங்கினார். 1909-இல் மேற்படிப்புக்காக எடின்பரோவுக்கும் சென்றார். உலகின் முதல் பெண் மயக்க மருந்து மருத்துவர் என்று அவர் போற்றப்படுகிறார். அந்த முதல் இடம் நம் நாட்டுப் பெண் ஒருவருக்குக் கிடைத்திருப்பது பாடப் புத்தகத்தில் நாங்கள் காணாத செய்தி.

இன்று ஆபரேஷன் தியேட்டரில் நமக்குக் காவல் எத்தனை! விரல் நுனியில் மாட்டும் கிளிப் ஒன்று இரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனைச் சொல்கிறது. 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்ட வழி அது. நெஞ்சில் ஒட்டிய கம்பிகள் இதயத் துடிப்பைக் காட்டுகின்றன. வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை இன்னொரு கருவி அளக்கிறது. அறுவை தொடங்குமுன் யார், எந்த இடம், என்ன அறுவை, விரல் கிளிப் வேலை செய்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்கும் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நம் தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர் இருக்கிறார். ஊசி போட்டுவிட்டுப் போய்விடுபவர் என்றுதான் நாங்கள் பலரும் எண்ணியிருந்தோம். அப்படியன்று. கத்தி எடுப்பவர் நோயைப் பார்க்கிறார்; இவரோ கடைசி வரை நம்மைப் பார்க்கிறார். நமக்காக மூச்சைக் கவனித்து, மருந்தைக் கூட்டிக் குறைத்து, பெயர் சொல்லி எழுப்பி, நாம் பதில் சொல்லும் வரை அவர் நகர்வதில்லை.

அவருக்கு நாம் செய்யவேண்டிய உதவியும் உண்டு. சாப்பிடாமல் வரச் சொன்னால் உண்மையாகவே சாப்பிடாமல் இருக்கவேண்டும். உணவு என்றால் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம் என்பது பொதுவான விதி. டாக்டர் சொல்வதே இறுதி. "பிள்ளை பசி தாங்காது" என்று ஆச்சி பாசத்தோடு ஊட்டும் ஒரு வாய் இட்லி, மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாத மருந்து, தினம் போடும் மாத்திரை, ஆடும் பல் எதையும் மறைக்கக்கூடாது. நகப்பூச்சை அழித்துவிட வேண்டும். விரல் கிளிப்பின் ஒளி நகத்தை ஊடுருவ அது தடையாகலாம். வளையலும் கொலுசும் வீட்டிலேயே இருக்கட்டும்.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர் என நான்கு பேர் கூட்டணி என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்துச் சொன்னார். அந்த நான்காமவரின் பெருமை இப்போதுதான் எங்களுக்கு விளங்குகிறது. ஆபரேஷன் மேசையில் நாம் காணும் இன்பத்தில் ஒரு பங்கு மருந்தினுடையது. மறு பங்கு, நம் உயிரை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கவலையின்றிக் கண்மூடும் நிம்மதியினுடையது. தாய் மடியில் தூங்கும் குழந்தைக்கு இருக்கும் இன்பம் அதுதான். கண் மூடுவது நாமாயினும், கண் விழித்திருப்பவர் ஒருவர் இருப்பதால்தான் அது இனிக்கிறது.

எனவே தோழியரே, உங்கள் வீட்டில் யாருக்கேனும் ஆபரேஷன் என்றால், பயத்தினால் நாளைத் தள்ளிப்போட விடாதீர்கள். தலைமாட்டில் ஒருவர் விழித்திருப்பார் என்று எடுத்துச் சொல்லுங்கள். இன்று இதைப் படிக்கும் நம்மில் ஒருத்தி, ரூபாபாய் அம்மையாரின் வழியில் நாளை அந்த இடத்தில் அமரட்டும், அஞ்சி நடுங்கி வரும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம், "உன் பேர் என்னம்மா?" என்று அன்போடு கேட்கட்டும்.